பஸ் சொதப்பிய பிறகு பேரை மீட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் பஸ், ரயில் பற்றிப் பேச்சு எடுத்தால் ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேட்பவர்களில் நுகர்வோர் அமைப்புக்காரர்கள் உண்டு, இதழியல் மாணவர்கள் உண்டு, மக்கள் தொடர்பு வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் உண்டு. மாட்டுத்தாவணியில் அரை மணி நேரம் காத்திருந்த கோபத்தில் கேட்பவர்களும் உண்டு. கேட்ட வாக்கிலேயே கேள்விகளைத் தந்திருக்கிறோம்.

ஒரு நாள் பஸ் வரலைன்னா பேரு கெட்டுப்போயிருமா? எதைத்தான் நெருக்கடின்னு சொல்றது?

ஒரு நாள் வராததை ஜனங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பஞ்சராக இருக்கும், மழையாக இருக்கும் என்று அவர்களே ஒரு காரணம் சொல்லிக்கொள்வார்கள். அதே வண்டி மூன்றாவது முறை வராமல் போகும்போதும், நேரக் காப்பாளரிடம் போய்க் கேட்டவருக்கு "வரும், போய் நில்லுங்க" என்பது மட்டுமே பதிலாகக் கிடைக்கும்போதும்தான் பேர் கெடுகிறது. உசிலம்பட்டியிலிருந்து காலை வண்டியில் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறவருக்கு அந்த ஒரு நடை தப்பினால் ஓ.பி. சீட்டு போச்சு, ஒரு நாள் கூலியும் போச்சு. அவர் அதை ஊரில் போய்ப் பத்துப் பேரிடம் சொல்வார்.

வேலைக்கு வசதியாக மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். வண்டி ஓடாதது ஒன்று: பிரேக்டவுன், டிரிப் கட், வேலைநிறுத்தம். ஆபத்தானது இன்னொன்று: விபத்து, தீ, கழன்று விழும் இருக்கை. மூன்றாவது நடத்தை: கை காட்டியும் நிறுத்தாமல் போவது, சில்லறைக்காகத் திட்டுவது. மூன்றுக்கும் மருந்து வேறு. முதல் வகைக்கு எழுதிய அறிக்கையை இரண்டாவதற்கு வாசித்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான்.

முதல் ஒரு மணி நேரத்துல என்ன சொல்லணும்? விசாரிச்சு முடிக்காம வாயைத் திறக்கலாமா?

திறக்க வேண்டும். காரணத்தை மட்டும் சொல்லக் கூடாது. முதல் கால் மணி நேரத்துக்குள் நான்கு தகவல் வெளியே போக வேண்டும்: எங்கே, எந்த வண்டி நின்றிருக்கிறது, பயணி இப்போது என்ன செய்யலாம், அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. உதாரணமாக: "காலை 8.10-க்குத் திருமங்கலத்தில் புறப்பட்ட பெரியார் பஸ் ஸ்டாண்டு வண்டி கப்பலூர் அருகே நின்றுவிட்டது. அடுத்த வண்டி 8.35-க்கு வரும். எடுத்த டிக்கெட்டே செல்லும். 8.45-க்கு மறுபடி சொல்கிறோம்." சொன்ன 8.45-க்குப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும், "இன்னும் சரியாகவில்லை" என்றாவது சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது தகவல் வராமல் போவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு.

சரியான ஆளுக்குச் சரியான வார்த்தை போகிறதா என்றும் பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் 15 அன்று சிங்கப்பூரில் மெட்ரோ ரயில் முடங்கியபோது, அதை நடத்திய எஸ்.எம்.ஆர்.டி. நிறுவனம் தன் டாக்சி ஓட்டுநர்களுக்கு "வருமான வாய்ப்பு" என்ற தலைப்பில் தகவல் அனுப்பியது. சுரங்கத்துக்குள் இருட்டில் பயணிகள் மாட்டிக்கொண்டிருந்த நேரம் அது. ரயில் நின்றதைவிட அந்த இரண்டு சொல்தான் ஜனங்களை அதிகம் எரிச்சலூட்டியது.

ஒரே ஒரு வண்டி நின்னதுக்கு ஏன் அன்னைக்குப் பூராவும் லைனே குளறுபடி ஆகுது?

இது கணக்கு. 12 நிமிஷத்துக்கு ஒரு டவுன் பஸ் ஓடும் தடத்தில் நிமிஷத்துக்கு 5 பேர் வீதம் நிறுத்தங்களில் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வண்டிக்கு 60 பேர். நடுவில் ஒன்று நின்றுபோனால் இடைவெளி 24 நிமிஷம், அடுத்த வண்டிக்கு 120 பேர். ஆளுக்கு 3 வினாடி வைத்தாலே கூடுதல் 60 பேர் ஏற 3 நிமிஷம் போய்விடும். அதனால் அந்த வண்டி இன்னும் பிந்தும், இன்னும் கூட்டம் சேரும். அதற்குப் பின்னால் வருவதோ காலியாக வந்து அதை எட்டிப் பிடித்துவிடும். அரை மணி நேரம் ஒன்றுமில்லை, அப்புறம் இரண்டு சேர்ந்தாற்போல் வருகின்றன என்ற புகார் இதிலிருந்துதான் பிறக்கிறது.

இதைச் சரிசெய்ய டிப்போவில் ஓட்டுநரோடு தயாராக நிற்கும் ஸ்பேர் வண்டி வேண்டும். வண்டி இருந்து ஆள் இல்லாவிட்டால் அது கணக்கில் மட்டும்தான் ஸ்பேர். ஸ்பேரைத் தடத்தின் தொடக்கத்திலிருந்து ஓட்டிவருவதிலும் பயனில்லை, இடைவெளி விழுந்த இடத்தில் நுழைக்க வேண்டும். ஸ்பேரே கிடையாது என்றால், பின்னால் காலியாக வரும் வண்டியை நடுவழியிலேயே திருப்பி எதிர்த்திசை இடைவெளியை அடைக்கலாம். அப்படித் திருப்பும்போது உள்ளே இருக்கும் பத்துப் பேரிடம் காரணம் சொல்லி, அடுத்த வண்டியில் அதே டிக்கெட்டோடு ஏற்றிவிட வேண்டும். சொல்லாமல் இறக்கிவிட்டால் அந்தப் பத்துப் பேரும் போனில் வீடியோ எடுப்பார்கள்.

மன்னிப்பு கேட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமே, கோர்ட்டுல மாட்டிக்க மாட்டாங்களா?

சட்டப் பிரிவு சொல்லும் முதல் ஆட்சேபம் இதுதான். பாதிக்கு மேல் பயம். "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், இன்னின்ன உதவி செய்கிறோம்" என்பது கவனக்குறைவை ஒப்புக்கொள்வதாகாது. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் முதல் தகவல் அறிக்கை, வாகன ஆய்வாளரின் அறிக்கை, சாட்சிகள் ஆகியவற்றைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. "ஓட்டுநர் தூங்கிவிட்டார்", "பிரேக் பிடிக்கவில்லை" என்று காரணத்தை முந்திக்கொண்டு சொல்வதுதான் வம்பு.

அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் பேரை உண்மையில் கெடுப்பது தீர்ப்புக்குப் பிறகு நடப்பது. இழப்பீட்டைக் கட்டாமல் இழுத்தடித்து, தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனு வந்து, நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கே வந்து அரசு பஸ்ஸை ஜப்தி செய்யும் செய்தியைத் தமிழ்நாட்டில் படிக்காதவர் யார்? பயணிகளை இறக்கிவிட்டுப் பஸ்ஸைக் கோர்ட் வளாகத்துக்குக் கொண்டுபோகும் ஒரு படம், நூறு மன்னிப்பு அறிக்கையை அடித்துவிடும். நிலுவை இழப்பீட்டைத் தீர்ப்புத் தேதி வாரியாகக் கட்டி முடிப்பதை மக்கள் தொடர்பு வேலையாகவே நினைக்கலாம்.

ஜப்பான்ல 20 செகண்டுக்கு மன்னிப்பு கேட்டாங்களாமே, அதெல்லாம் நம்மூருக்கு ஒத்துவருமா?

2017 நவம்பர் 14 அன்று, சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் மினாமி-நாகரேயாமா நிலையத்தில் 9.44.40-க்குப் புறப்பட வேண்டியது, 9.44.20-க்கே புறப்பட்டுவிட்டது. ஒருவரும் புகார் செய்யவில்லை. ஊழியர்கள் நேர அட்டவணையைச் சரியாகப் பார்க்கவில்லை என்று நிறுவனமே அறிக்கை விட்டது. உலகமே சிரித்தது, சிரித்தபடியே பாராட்டவும் செய்தது.

இங்கே 20 வினாடியைக் காப்பியடிக்கத் தேவையில்லை. அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: தாமதமாகப் போவதைவிட முன்கூட்டியே போவது பெரிய தப்பு என்று அவர்கள் கருதியது. கிராமத் தடங்களில் இது அப்படியே பொருந்தும். பேரையூர்ப் பக்கம் ஒரு நாளைக்கு மூன்று நடை மட்டும் வரும் ஊரில் வண்டி 5 நிமிஷம் முந்திப் போய்விட்டால், அங்கே நிற்பவருக்கு அது பல மணி நேரத் தாமதம்.

கெட்ட பேரை மீட்கறதுக்குன்னு படிப்பே இருக்காமே, அதுல என்னதான் சொல்லிக்கொடுக்கிறாங்க?

அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் பெனாய்ட் 1990-களில் வகுத்த ஐந்து வழிகளைத்தான் பெரும்பாலும் நடத்துகிறார்கள்: மறுப்பது, பொறுப்பைத் தட்டிக்கழிப்பது, குற்றத்தைச் சிறிதாக்கிக் காட்டுவது, திருத்திக்கொள்வது, மன்னிப்புக் கேட்பது. பஸ் ஸ்டாண்டு மொழியில் சொன்னால், "அது எங்க வண்டியே இல்ல", "டிராஃபிக்குக்கு நான் என்ன செய்ய", "இத்தன வண்டி ஓடுது, ஒண்ணப் பெருசா பேசுறீங்களே", "மாத்து வண்டி விட்டாச்சு", "தப்புதான், மன்னிச்சுக்கங்க". போக்குவரத்தில் முதல் மூன்றும் சீக்கிரம் செத்துவிடும். கார் வாங்கியவர் மறு காரை ஐந்து வருஷம் கழித்து வாங்குவார். பஸ் பயணி நாளைக் காலையிலேயே அதே நிறுத்தத்தில் நின்று, சொன்னது நடந்ததா என்று பார்த்துவிடுவார்.

வேலைநிறுத்தம்னா பழியை யூனியன் மேல போட்டுட்டா போதாதா?

போதாது. பயணிக்கு டிரைவரும் நிர்வாகமும் ஒரே வண்டிதான். 2018 ஜனவரி 4 முதல் 11 வரை தமிழ்நாட்டில் நடந்த அரசு பஸ் வேலைநிறுத்தத்தில் தற்காலிக ஓட்டுநர்களை வைத்து வண்டி ஓட்டினார்கள். பஸ் ஓடியது, பயம் கூடியது. அது ஓய்ந்த சில நாட்களில், ஜனவரி 20 அன்று, கட்டணம் உயர்ந்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், மாதக் கடைசியில் கொஞ்சம் குறைக்க வேண்டியதாயிற்று. கட்டணத்தை ஏற்றிய காரணத்தில் நியாயம் இருந்திருக்கலாம், டீசல் விலை யாருக்கும் தெரியாததல்ல. ஆனால் ஒரு வாரம் அலைக்கழித்துவிட்டு உடனே கூடுதலாகக் கேட்டால் எந்தக் காரணமும் காதில் ஏறாது. சேவை குலைந்த பிறகு கட்டணத்தைத் தொட வேண்டியிருந்தால், இடையில் ஒழுங்காக ஓடிய சில மாதங்கள் இருக்க வேண்டும்.

2024 ஜனவரி 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் மறுநாளே தள்ளிவைக்கப்பட்டது. ஓய்வுபெற்றோரின் அகவிலைப்படி அதில் முக்கியக் கோரிக்கை. இப்படியான நேரத்தில் நிர்வாகம் "90 சதம் ஓடுகிறது" என்று மொத்தக் கணக்குச் சொல்வதால் யாருக்கும் பயனில்லை. மேலூர்க்காரருக்கு மேலூர் வண்டி எத்தனை என்பதுதான் கேள்வி. தடவாரியாக எது ஓடும், கடைசி வண்டி எப்போது என்று முந்தின நாள் மாலையே எழுதிப் போட்டால் பாதிக் கோபம் அடங்கும்.

டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்தா சரியாப் போயிருமா?

ரயிலில் வழி இருக்கிறது. ஏறும் நிலையத்துக்கு வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து, நீங்கள் பயணம் செய்யாவிட்டால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். வண்டி கிளம்புவதற்கு முன், பணத்தைத் திரும்பக் கேட்கும் டி.டி.ஆர். மனுவைப் பதிவு செய்ய வேண்டும். 2019-ல் ஐ.ஆர்.சி.டி.சி. ஓட்டத் தொடங்கிய லக்னோ – டெல்லி தேஜஸ் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிந்தினால் 100 ரூபாய், இரண்டு மணி நேரத்துக்கு மேல் 250 ரூபாய் என்று அறிவித்து, அந்த அக்டோபரிலேயே கொடுக்கவும் செய்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் தொடங்கிய நம் மதுரை – சென்னை தேஜஸ் ரயில்வே நேரடியாக ஓட்டுவது. பேர் ஒன்றுதான், அந்த ஏற்பாடு இதில் இல்லை.

பத்து ரூபாய் டவுன் பஸ் டிக்கெட்டுக்கு இது சரிவராது. பத்து ரூபாயை வாங்க யாரும் மனு எழுத மாட்டார்கள், எழுத வைத்தால் கேலிதான் மிஞ்சும். மாதப் பாஸ் வைத்திருப்பவருக்கு மட்டும் பணம் உதவும்: நான்கு நாள் ஓடவில்லை என்றால், கேட்காமலே பாஸை நான்கு நாள் நீட்டிக்கலாம்.

இலவசமாப் போற பொம்பளைங்களுக்கு என்ன நஷ்ட ஈடு? அவங்க காசே கொடுக்கலையே!

இந்தக் கேள்வியின் தொனியிலேயே ஒரு நெருக்கடி இருக்கிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்கள் இலவசமாகப் போகலாம். அதற்கான தொகையை அரசு கழகங்களுக்குக் கொடுக்கிறது. ஆகவே வண்டியில் ஏறும் பெண் ஓசிப் பயணி அல்ல, அவருக்கான கட்டணத்தை வேறொருவர் கட்டுகிறார், அவ்வளவுதான். நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நிற்கும்போது வண்டி நிற்காமல் போகிறது என்ற புகார்தான் இந்தத் திட்டத்தின் நல்ல பேரை அரிக்கிறது.

இவர்களுக்குக் காசாக எதையும் திருப்ப முடியாது, நடையாகத்தான் திருப்ப வேண்டும். கட் ஆன நடைக்கு ஈடாக அதே நேரத்தில் மறுநாள் கூடுதல் வண்டி விடலாம். நிற்காமல் போகும் நிறுத்தத்தில் ஒரு வாரம் காலை 7 முதல் 9 வரை செக்கிங் இன்ஸ்பெக்டரை நிறுத்தலாம். கண்டக்டரைத் திட்டுவதற்கு முன் நேர அட்டவணையையும் பார்க்க வேண்டும்: எல்லா நிறுத்தத்திலும் நின்றால் ஓட முடியாத நேரத்தைக் கொடுத்துவிட்டு, நிற்கவில்லை என்று மெமோ கொடுத்தால் புகார் குறையாது.

உயிர்ச்சேதம்னா அறிக்கை எப்படி இருக்கணும்?

கடைசியாகப் பேச வேண்டியது நிறுவனத்தின் பேரைப் பற்றி. வரிசை இது: காயம்பட்டவர்கள் எந்த ஆஸ்பத்திரியில், உறவினர் கூப்பிட ஓர் எண், ஆஸ்பத்திரி வாசலில் கழகத்தின் ஆள் ஒருவர் உட்கார ஒரு மேஜை. பஸ்ஸில் பயணிகள் பட்டியல் கிடையாது, அதனால் அந்த மேஜையில்தான் பட்டியலே உருவாகும். குடும்பத்துக்குத் தெரியும் முன் பெயரை வெளியிடக் கூடாது. அன்று போட வைத்திருந்த விளம்பரங்களை நிறுத்த வேண்டும், "சாதனை" விளம்பரம் அதே பக்கத்தில் வந்துவிடும் அபாயம் உண்டு. உடனடி நிவாரணம் வேறு, தீர்ப்பாய இழப்பீடு வேறு என்பதைக் குடும்பத்துக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் "ஏமாற்றிவிட்டார்கள்" என்றாகும்.

2023 ஆகஸ்ட் 26 விடிகாலையில் மதுரை ரயில் நிலைய யார்டில், லக்னோவிலிருந்து வந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். தடையை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்று தெற்கு ரயில்வே அன்றே சொன்னது, 10 லட்ச ரூபாய் நிவாரணமும் அறிவித்தது. காரணம் சரிதான். ஆனாலும் மக்கள் மனதில் அடுத்து எழுந்த கேள்வி, சிலிண்டரை ஏற்றும்போது பார்த்தது யார் என்பது. தவறு மற்றவருடையதாக இருந்தாலும், அதைத் தடுக்க வேண்டிய சோதனை யாருடையது என்று ஜனங்கள் கேட்பார்கள். அந்தப் பதிலையும் சேர்த்தே தயார் செய்ய வேண்டும்.

"எல்லா பஸ்ஸையும் ஆய்வு செய்ய உத்தரவு"ன்னு வருதே, அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு யாருக்கும் தெரியறதில்லையே?

அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். 2024 ஏப்ரலில் திருச்சியில் ஓடும் அரசு பஸ்ஸின் இருக்கை கழன்று கண்டக்டரே சாலையில் விழுந்தார். 48 மணி நேரத்தில் எல்லாப் பேருந்துகளையும் ஆய்வு செய்ய உத்தரவு வந்தது. உத்தரவு முதல் பக்கத்தில் வந்தால், முடிவும் அதே அளவுக்கு வெளியே வர வேண்டும்: எந்த டிப்போவில் எத்தனை வண்டி பார்த்தோம், எத்தனையில் குறை, எத்தனையை ஓடாமல் நிறுத்தினோம், எப்போது சரியாகும்.

வாஷிங்டன் மெட்ரோ செய்தது நல்ல பாடம். 2015 ஜனவரியில் சுரங்கத்தில் புகை சூழ்ந்து ஒருவர் இறந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் மீண்டும் ஒரு கேபிள் எரிந்ததும், மார்ச் 16 அன்று மொத்த மெட்ரோவையும் நிறுத்திவிட்டு சுமார் 600 கேபிள்களைச் சோதித்தார்கள். 26-ல் குறை என்று எண்ணிக்கையோடு வெளியே சொன்னார்கள். ஒரு நாள் ஊரே திட்டியது. ஆனால் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று முடியும் ஆய்வறிக்கையை எவரும் நம்புவதில்லை. குறை கண்டுபிடித்த ஆய்வைத்தான் ஆய்வு என்று ஒப்புக்கொள்வார்கள்.

பெயின்ட் அடிச்சு, பேரை மாத்தினா ஜனங்க மறந்துர மாட்டாங்களா?

மதுரைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை இது. 1997-ல் மதுரையின் பாண்டியன் உள்ளிட்ட போக்குவரத்துக் கழகங்களின் பெயர்கள் போய், எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆயின. அதற்குக் காரணம் பெயர் சூட்டுவதை ஒட்டி எழுந்த சாதி மோதல்கள், சேவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் பல வருஷம் "பாண்டியன் பஸ்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2023-ல் பழைய வண்டிகளுக்குப் புது உடல் கட்டி மஞ்சள் வண்ணத்தில் விட்டபோது பேச்சு நன்றாகத்தான் இருந்தது. அந்த வண்டியும் ஒழுகினால், நிறம் ஒரு அடையாளமாகி எதிராகத் திரும்பும்: "மஞ்ச வண்டியா, வேணாம், அடுத்ததுல போவோம்."

பேரு திரும்ப வர எத்தனை நாளாகும்ணே?

வருஷக் கணக்கில். மேலே சொன்ன சிங்கப்பூரையே பாருங்கள். 2011 டிசம்பரில் இரண்டு பெரிய முடக்கம், தலைமை நிர்வாகி அடுத்த மாதமே விலகினார், 20 லட்சம் சிங்கப்பூர் டாலர் அபராதம். 2015 ஜூலையில் மறுபடி முடக்கம், அபராதம் 54 லட்சம். 2017 அக்டோபரில் பீஷான் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் இறைக்கும் பம்புகளைப் பராமரிக்காமலே பராமரித்ததாகப் பதிவேட்டில் எழுதியிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அது மழையின் தப்பு என்ற வாதம் அந்த நிமிஷமே முடிந்தது. அதற்கு முன்பே தொடங்கியிருந்த தண்டவாள, மின்பாதை மாற்று வேலைகளுக்காக அந்த டிசம்பரில் சில நாட்கள் சேவையைச் சீக்கிரம் முடித்து, தாமதமாகத் தொடங்கினார்கள். ஒரு பெரிய தாமதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ரயில்கள் சராசரியாக ஓடும் தூரம் 2015-ல் சுமார் 1.33 லட்சம் கிலோமீட்டர். 2019-ல் 10 லட்சத்தைத் தாண்டியது. அந்த ஒரு எண்ணைத் தொடர்ந்து வெளியிட்டதுதான் உதவியது. பிறகு 2024 செப்டம்பரில் ஆறு நாள் முடக்கம் வந்தபோது பழைய கதை முழுவதும் மீண்டும் கிளம்பியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் டிப்போவுக்கு அப்படி ஓர் எண் வேண்டுமென்றால், அட்டவணைப்படி ஓட வேண்டிய நடை எத்தனை, ஓடியது எத்தனை என்பதே போதும். வாரம் ஒரு முறை, தடவாரியாக, பேருந்து நிலையத்தில் கரும்பலகையில் எழுதினாலும் சரி. மோசமான வாரத்தில் பலகையை அழித்துவைத்தால் அதுவரை எழுதியதெல்லாம் வீண்.

பழைய வீடியோவை இப்ப நடந்த மாதிரி வாட்ஸ்அப்ல சுத்தவிட்டா?

வண்டி எண், வீடியோ எடுத்த தேதி, டிப்போ, அந்தக் குறை எந்த நாளில் சரியானது. இந்த நான்கையும் ஒரே செய்தியில் சொல்ல வேண்டும். "வதந்தியைப் பரப்பினால் நடவடிக்கை" என்று மட்டும் மிரட்டினால் வீடியோ இன்னும் வேகமாகப் போகும். குறை இன்னும் சரியாகவில்லை என்றால் வீடியோ பழையது என்பதில் அர்த்தமே இல்லை.

புகார் கொடுத்தா நடவடிக்கை வருமா? எப்படிக் கொடுத்தா எடுபடும்?

அரசு பஸ்ஸுக்கு 149, ரயிலுக்கு 139, முதல்வர் உதவி மையம் 1100. "பஸ் சரியில்லை" என்ற புகார் எங்கும் போகாது. டிஎன் 58 என், டிஎன் 57 என் என்று தொடங்கும் வண்டி எண், தடம், நிறுத்தம், மணி, இருந்தால் டிக்கெட் ஆகியவை வேண்டும். டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் விவரத்தை வைத்து யார் டியூட்டி என்று டிப்போவால் கண்டுபிடித்துவிட முடியும். இலவச டிக்கெட்டையும் அதனால் கிழித்துப் போடாதீர்கள்.

அதற்கு மேலும் போகலாம். பயணியும் நுகர்வோர்தான். ரயில் 4 மணி நேரம் பிந்தியதால் ஜம்முவில் விமானத்தைத் தவறவிட்ட ஒரு பயணிக்கு 30,000 ரூபாய் கொடுக்கச் சொன்னதை 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தாமதத்துக்குக் காரணத்தை நிரூபிக்காவிட்டால் ரயில்வே பொறுப்பேற்க வேண்டும் என்றது தீர்ப்பு. நிர்வாகங்களுக்கும் இதில் செய்தி உண்டு: அன்றன்றைய தாமதக் காரணத்தை அன்றே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரைத் திருவிழாவுல ஒரு தடவை சொதப்பினா அடுத்த வருஷம் வரைக்கும் பேசுறாங்களே, அதை எப்படி மாத்துறது?

அடுத்த திருவிழாவில்தான் மாற்ற முடியும், அதற்கு வேலை ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். அழகர் வரும் நாட்களில் அழகர்கோவில் சாலையும் வைகைக் கரையும் வண்டிகளுக்கு அடைபடும், தற்காலிக நிறுத்தங்கள் முளைக்கும். சென்ற வருஷம் எந்த இடத்தில் ஜனங்கள் வழி தெரியாமல் நின்றார்கள் என்று ஓட்டுநர், நடத்துநரிடம் கேட்டாலே பாதித் திட்டம் கிடைத்துவிடும். பழைய நிறுத்தத்தில் "இங்கே வண்டி நிற்காது" என்று மட்டும் எழுதாமல், எங்கே நிற்கும், எந்தப் பக்கம் எத்தனை நிமிஷம் நடக்க வேண்டும் என்று எழுதுங்கள். மூன்று நாள் முன்பே பலகை வைத்துவிடுங்கள். கிராமத்திலிருந்து வரும் பெரியவர்கள் போனில் பார்த்து வருவதில்லை, அவர்களுக்கு மைக்தான்.

பலகையில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டியது கடைசி வண்டியின் நேரம். நத்தத்துக்குக் கடைசி வண்டி இரவு 11.30 என்று எழுதியிருந்தால், வண்டி நிரம்பிவிட்டது என்பதற்காக 11.20-க்கு எடுக்கக் கூடாது. நிரம்பினது கிளம்பட்டும், ஆனால் 11.30-க்கு இன்னொன்று அங்கே நிற்க வேண்டும், பத்தே பேர் இருந்தாலும்.